கழிமுகமா, காடா: குழந்தைகளோடு நடக்க எந்தப் பாதை?

ஆறு கடலில் சேரும் இடத்தில் குடும்பத்தோடு நடக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது தூரத்தைத்தான். தூரம் மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. அன்றைக்கு நீர் எப்போது ஏறுகிறது என்பது முதல் கேள்வி. பாதையின் தரை எப்படி என்பது இரண்டாவது. இறுகிய கரைமேட்டில் நாலு கிலோமீட்டர் என்பது ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டு மணி நேரம். வேர் புடைத்த காட்டுப் பாதையில் அதே நாலு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும். சேற்றுப் படுகையில் அந்தத் தூரத்தை நினைக்கவே கூடாது.

பெரும்பாலான கழிமுகங்களில் நடக்க நான்கு வகைப் பாதைகள் உண்டு. நீர் உள்ளே புகாமல் தடுக்கப் போட்ட கரைமேட்டின் முதுகில் போவது ஒன்று. சதுப்புக்கு நடுவே கால்கள் நட்டுப் போட்ட பலகைப் பாதை இன்னொன்று. நீர் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் கீழ்க்கரை மூன்றாவது. அருகிலுள்ள காட்டுக்குள் சுற்றி வருவது நான்காவது. நடக்கத் தெரிந்த குழந்தைகள் இருந்தால் கரைமேட்டில் போய்க் காட்டு வழியே திரும்பும் சுற்றைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். கைக்குழந்தையும் தள்ளுவண்டியும் இருந்தால் பலகைப் பாதை. கீழ்க்கரையைக் கடைசியில்தான் வைப்போம், அதுவும் நிபந்தனைகளோடு. இதற்கான காரணங்களில் பாதி ஓதத்தில், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதில், இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறோம்.

ஓதக் கணக்கு

உலகின் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே உச்சி நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. பலரும் கவனிக்காதது இதன் வாரக் கணக்கை. ஏழு நாளில் இந்தத் தள்ளல் கிட்டத்தட்ட ஆறு மணி நேரமாகிவிடும். போன ஞாயிறு காலை பத்து மணிக்கு வற்றிக் கிடந்த கரை, இந்த ஞாயிறு அதே பத்து மணிக்கு நிரம்பி நிற்கும். போன வாரம் போய் வந்தவர்கள் சொன்ன நேரத்தை அப்படியே நம்பிக் கிளம்பினால் நேர் எதிரான கரையைத்தான் பார்ப்பீர்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் ஏறக்குறைய அவர்கள் பார்த்த நிலை திரும்பியிருக்கும்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். அரை நிலவு நாள்களை ஒட்டி இரண்டுக்குமான வித்தியாசம் குறுகும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் பெரிய ஓதங்களின் உச்சி எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். ஒரு கழிமுகத்தில் பௌர்ணமி ஓதத்தின் உச்சி காலை பத்தை ஒட்டி என்றால், அங்கே பெரிய ஓத நாள்களில் வற்றம் மாலை நாலை ஒட்டியே இருக்கும். இதை ஒருமுறை தெரிந்துகொண்டால் அந்த இடம் காலை நடைக்கு ஏற்றதா, மாலைக்கா என்று மாதங்களுக்கு முன்பே தீர்மானிக்கலாம்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் இடத்துக்கு இடம் வெகுவாக மாறும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போகும். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அரை மீட்டருக்கும் குறைவு. வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் இருக்கும் கரைகளில் ஓதம் ஒரு சிறு இடைஞ்சல் மட்டுமே. நாலு மீட்டரைத் தாண்டினால் எந்தப் பாதை என்பதை ஓதம்தான் தீர்மானிக்கும். ஆனால் வித்தியாசம் சிறியது என்பதற்காக முகத்துவாரத்தின் வாயில் குழந்தைகளை நீரில் இறக்கிவிடாதீர்கள். கழிமுகம் முழுவதும் வடிகிற நீர் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கணுக்கால் ஆழத்திலேயே இழுப்பு தெரியும்.

ஓத அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் ஏதோவொரு துறைமுகத்துக்கு உரியது. ஆற்றின் மேல்பக்கம் போகப் போக உச்சி பிந்தும். சராசரி ஆழம் நாலு மீட்டர் உள்ள ஆற்றில் பத்து கிலோமீட்டர் உள்ளே போனால் ஏறக்குறைய அரை மணி நேரம் பிந்தலாம். வானிலையும் கணக்கை மாற்றும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். தாழ்வு மண்டலம் நெருங்கும் நாளில் 20 சென்டிமீட்டர் கூடுவது சாதாரணம். கடலிலிருந்து வீசும் காற்றும் ஆற்றில் வரும் வெள்ளமும் அதன் மேல் சேரும். அட்டவணைப்படி பாதை நனையாத நாளிலும் நனைவது இதனால்தான்.

கரைமேட்டுப் பாதை

தட்டையான தரை, தொலைவரை பார்வை, வழி தவறவே முடியாத தெளிவு. மூட்டு வலியுள்ள பெரியவர்களுக்கு நான்கில் இதுவே சுகம். நிழல் இல்லாததும், போன வழியே திரும்ப வேண்டியிருப்பதும் குறைகள். குழந்தைகள் பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் சோர்ந்து உட்காருவார்கள். காற்று பலமாக இருந்தால் எதிர்காற்றில் போய், பின்காற்றில் திரும்பும்படி புறப்படுங்கள். களிமண் மேடு மழைக்குப் பின் ஒரு நாளாவது செருப்பில் அப்பும். வண்டிச் சக்கரம் நாலு சுற்றிலேயே சுற்றாமல் நின்றுவிடும். சரளை போட்ட மேடா, வெறும் மண்ணா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தப் பாதையின் உண்மையான வளம் பறவைகள். நீர் முழுக்க வற்றியிருக்கும்போது கரைப்பறவைகளான உள்ளான்கள் எல்லாம் படுகையின் தொலைவிளிம்பில் இரை தேடும். குழந்தையின் கண்ணுக்கு அவை புள்ளிகள். நீர் ஏற ஏற அவற்றின் தரை சுருங்கிக் கரையை நோக்கி வரும். உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு தொடங்கி ஒரு மணி நேரம் முன்பு வரைதான் பார்க்கச் சிறந்த வேளை. அதன்பின் அவை உயரமான திட்டில் கூட்டமாக ஒதுங்கி ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் குழந்தைகள் ஓடிக் கலைத்தால், வலசை வந்த பறவை தன் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பை வீணாகச் செலவழிக்கிறது. நாய் கூட வந்தால் கயிற்றை அவிழ்க்காதீர்கள். பைனாகுலர் எடுப்பதானால் ஆறு அல்லது எட்டு மடங்கு போதும். பத்து மடங்கைக் குழந்தையின் கை ஆடாமல் பிடிக்காது.

கரைமேட்டில் ஆபத்து இரண்டு இடத்தில் உண்டு. சரிவில் பதித்த கற்களில் ஒரு மட்டத்துக்குக் கீழே பச்சையாகவோ கறுப்பாகவோ பட்டை தெரியும். நீர் வழக்கமாக ஏறும் உயரம் அது. அந்தப் பட்டையில் கால் வைத்தால் வழுக்கும், அதற்கு மேலேயே நிற்க வேண்டும் என்பதைக் குழந்தைகளிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். இன்னொன்று மதகு. மேட்டுக்கு உள்ளே தேங்கிய நீர் வெளியேற வைத்த கதவு, வெளிப்பக்க நீர் உள்மட்டத்தைவிடத் தாழ்ந்ததும் யாரும் தொடாமலே திறக்கும். அதுவரை குட்டைபோல் அசையாமல் கிடந்த இடத்தில் திடீரென்று இழுப்பு வரும். மதகுக் குழாயின் வாயருகே கல் எறிந்து விளையாடும் குழந்தையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

இடி கேட்டால் கரைமேட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். சுற்றிலும் உள்ளவற்றில் உயரமாக நிற்பது நீங்கள்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடிக்குள் இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போங்கள், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள்.

பலகைப் பாதை

தூரம் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள், தரை சமம், இரண்டு பக்கமும் பார்க்க ஏராளம். வெப்ப நாடுகளில் அலையாத்திக் காட்டுக்குள்ளும், குளிர் நாடுகளில் உவர்ப்புல் சதுப்புக்குள்ளும் போகும். கரைமேட்டுக்கு நேர் மாறாக, இங்கே நீர் வற்றிய நேரத்தில் வர வேண்டும். உச்சியில் வந்தால் நீரும் இலையும்தான். வற்றத்தில் வந்தால் மேல்நோக்கி நீட்டிய மூச்சுவேர்கள், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள், சேற்றில் தாவும் மீன்கள். பலகை அதிர்ந்ததும் நண்டுகள் வளைக்குள் போய்விடும். மூன்று நான்கு நிமிடம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஐந்து வயதுக் குழந்தையால் அவ்வளவு நேரம் நிற்க முடியும், எதற்காக நிற்கிறோம் என்று முன்பே சொன்னால்.

தள்ளுவண்டியோடு வருகிறவர்கள் பலகையின் திசையைப் பாருங்கள். பாதைக்குக் குறுக்கே போட்டிருந்தால் சக்கரம் இலேசாக அதிர்ந்து ஓடும். நீளவாக்கில் போட்டிருந்தால் இடைவெளி சக்கரத்தைக் கவ்வும். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலம் தேவை. ஒற்றை மீட்டர் அகலமே உள்ள பாதையானால் கூட்டம் குறைந்த நேரம் பாருங்கள். வழுக்கல் நிழல் விழும் பகுதியில்தான் அதிகம், வெயில் படும் பகுதியில் பாசி காய்ந்துவிடும். கம்பி வலை அடித்தோ சொரசொரப்பான பட்டை ஒட்டியோ இருந்தால் கவலை பாதி குறையும். ஆணி வரிசை தெரியும் இடத்தில் அடியில் தாங்குகட்டை இருக்கும், பலகை உறுதியாக இருப்பதும் அங்கேதான். பழைய பாதையில் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு போகிறவர் அந்த வரிசை மேல் கால் வையுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சாக்கடை கலந்திருக்கிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அதுவே இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு காரணம் கேட்கும் குழந்தைக்கு இது அருமையான பாடம்.

கீழ்க்கரை

ஆசை காட்டும் பாதை இது. சிப்பி, நண்டு, காலடித் தடம் என்று குழந்தைகள் கேட்பதெல்லாம் இங்கேதான். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நீர் ஏறும் ஆறு மணி நேரத்தில் வேகம் ஒரே சீராக இருக்காது. மொத்த வித்தியாசத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஒவ்வொரு மணி நேரத்திலும் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். வித்தியாசம் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மணி நேரத்தில் அரை மீட்டர்தான். மூன்றாவது மணி நேரத்தில் ஒன்றரை மீட்டர். படுகை ஆயிரத்துக்கு ஒன்று என்ற மெல்லிய சரிவாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் நீர்விளிம்பு ஒன்றரை கிலோமீட்டர் முன்னேறி வந்துவிடும். சேற்றில் சிறு குழந்தை நடக்கும் வேகமும் மணிக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். பல கழிமுகங்களில் நிலைமை இதைவிட மோசம். ஆழமான நீரில் ஓத அலை வேகமாகவும் ஆழமற்ற நீரில் மெதுவாகவும் போவதால், ஏற்றம் குறுகிய நேரத்திலும் வற்றம் நீண்ட நேரத்திலும் நடக்கும். ஆறு மணி நேரக் கணக்கு அங்கே ஐந்தாகவோ நாலாகவோ சுருங்கும்.

இதைவிட முக்கியமாக, நீர் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. படுகையை வெட்டிப் போகும் ஓடைகள் முதலில் நிரம்பும். நீங்கள் நிற்கும் மேடு காய்ந்திருக்கும்போதே, கரைக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் ஓடை இடுப்பளவு ஆகிவிடும். நீர் வருவதைப் பார்த்துத் திரும்பலாம் என்ற எண்ணம் தவறாகப் போவது இங்கேதான்.

ஆகவே எங்கள் நிபந்தனைகள் இவை. இளைய குழந்தைக்கு ஏழு வயதாவது ஆகியிருக்க வேண்டும். வற்றத்தின் அடிமட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இறங்கி, அடிமட்ட நேரத்தில் கரையேறிவிட வேண்டும். கரையிலிருந்து 200 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, எந்த ஓடையையும் தாண்டக் கூடாது. மணலும் சிப்பியும் கலந்த கெட்டித் தரையில் மட்டும் நடக்க வேண்டும். பளபளப்பாக வழுவழுவென்று தெரியும் சேறு ஆள் எடையைத் தாங்காது. வெறுங்காலோடு போகாதீர்கள், உடைந்த சிப்பி கத்திபோல் வெட்டும். கயிறு கட்டி இறுக்கிய பழைய ஷூ சிறந்தது. ரப்பர் பூட்ஸை சேறு பிடித்துக்கொண்டால் கால் மட்டும் வெளியே வரும். வெதுவெதுப்பான உவர்நீரில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தை உடனே நல்ல நீரில் கழுவுங்கள். சிவந்து வேகமாக வீங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால் புதைந்தால் மேலே இழுக்க இழுக்க அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் பிடிக்கும். பையைக் கழற்றி வைத்துவிட்டு, பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்புங்கள். காலைச் சிறிதாக ஆட்டி நீர் உள்ளே போக இடம் கொடுத்து, ஒவ்வொரு காலாக மெல்ல எடுங்கள். குழந்தையைக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் முழங்கை எளிதில் பிசகும். அக்குளில் பிடித்துத் தூக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் விடுபடவில்லை என்றால் மற்றவர்கள் இன்னும் முயன்றுகொண்டிருக்காமல் அவசர உதவியை அழைக்க வேண்டும்.

காட்டுச் சுற்று

ஓதம் பற்றிய கவலை இல்லை, நிழல் உண்டு, காற்று அடங்கும். மூன்று வயது முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களுக்குக் காடுதான் பிடிக்கும். விழுந்த மரம், குச்சி, எறும்புப் புற்று என்று பத்து அடிக்கு ஒரு வேலை கிடைக்கும். அந்த வயதில் மொத்தத் தூரத்தை இரண்டு கிலோமீட்டருக்குள் வையுங்கள். தள்ளுவண்டிக்குப் பெரிய, காற்றடைத்த சக்கரம் வேண்டும். சிறு பிளாஸ்டிக் சக்கரம் முதல் வேரிலேயே திரும்பிக்கொள்ளும். வேர் நிறைந்த பாதை பெரியவர்களின் முழங்காலுக்கும் சோதனை.

பலத்த காற்று நாளில் காட்டைத் தவிர்த்துவிடுங்கள், பட்ட கிளைகள் விழும். காட்டுக்குள் வெளிச்சம் வெட்டவெளியைவிட முன்னதாகவே மங்கும். அதனால் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வந்துவிடும்படி திட்டமிடுங்கள். உண்ணி இருக்கும் காட்டில் முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் வேண்டாம்.

இரண்டையும் சேர்த்தால்

கரைமேட்டில் போய்க் காட்டில் திரும்பும் சுற்றுக்கு இளைய குழந்தையின் வேகத்தை வைத்து நேரம் போடுங்கள். ஆறு வயதுக்காரர் இருந்தால், காட்டில் வேர் அதிகம் புடைக்காத பாதைக்கு மணிக்கு இரண்டு கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் சுற்றுக்கு இரண்டரை மணி, உட்காரவும் சாப்பிடவும் முக்கால் மணி, ஆக மூன்றேகால் மணி நேரம். வெட்டவெளியை முதலில் முடித்தால் வெயில் ஏறும்போது நிழலுக்குள் இருப்பீர்கள். உச்சி காலை பதினொன்றுக்கு என்றால் எட்டே முக்காலுக்குக் கிளம்புங்கள். கரைமேட்டில் நடக்கும் வேளையும் பறவைகள் நெருங்கி வரும் வேளையும் ஒன்றாக அமையும். வெயிலும் ஓதமும் ஒத்துவராத நாளில், பாதையில் எங்குமே நீர் ஏறாது என்றால் வெயிலுக்கு முதலிடம் கொடுங்கள். நீர் ஏறும் இடம் ஒன்று இருந்தாலும் ஓதத்துக்குத்தான் முதலிடம்.

அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் கரைமேடு முடிந்து காடு தொடங்கும் பள்ளத்தில் இருக்கும். பலகை வைத்து எச்சரித்திருக்க வேண்டிய அவசியமில்லை, தரையே சொல்லும். பாதையின் குறுக்கே காய்ந்த பாசியும் குச்சியும் வரிசையாக ஒதுங்கியிருந்தாலோ, ஓரத்தில் உமரி என்னும் உவர்நிலச் செடி முளைத்திருந்தாலோ, மண்ணின் மேல் மெல்லிய வண்டல் படிந்து வெடித்திருந்தாலோ அங்கே உப்புநீர் வந்து போகிறது. அந்தப் பள்ளத்தை உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது தாண்டிவிடும்படி பாருங்கள். மேலே சொன்ன நேரத்தில் கிளம்பினால் ஒன்பதரைக்குள் அங்கே இருக்க வேண்டும் என்பதால், பள்ளம் ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் இன்னும் முன்னதாகவே புறப்பட வேண்டியிருக்கும்.

போய்ச் சேரும்போதே நீர் நின்றிருந்தால் சற்று நேரத்தில் வடியும் என்று காத்திருக்க வேண்டாம். உச்சிக்குப் பின் முதல் மணி நேரத்தில் இறங்குவது பன்னிரண்டில் ஒரு பங்குதான். வித்தியாசம் நாலு மீட்டர் என்றால் 33 சென்டிமீட்டர். முழங்காலளவு நீர் வடிய ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும், அதற்குப் பிறகும் தரை சேறாகவே இருக்கும். கரைமேட்டு வழியே திரும்பிவிடுங்கள். தண்ணீரும் தொப்பியும் இருவழிக்கும் போதும் அளவுக்கு எடுத்துப்போக வேண்டியது இதற்காகத்தான்.